முப்பிடாதி எடுத்த நாற்பத்து மூன்று அளவுகள்

அம்மா இறந்த இருபத்தோராம் நாள் மட்டாஞ்சேரி வீட்டுக்கு ஒரு பதிவுத்தபால் வந்தது. அணை அலுவலகத்திலிருந்து. பெறுபவர்: மஞ்சுஷா, காலஞ்சென்ற முப்பிடாதியின் மகள்.

உள்ளே இரண்டு தாள்கள். அணைக்கசிவு அளவுகளை வேண்டுமென்றே தவறாகப் பதிவு செய்து பீதியை உண்டாக்கியதாக அன்னார் மீது இருந்த ஒழுங்கு நடவடிக்கை, அவருடைய மரணத்தை முன்னிட்டுக் கருணையோடு கைவிடப்படுகிறது என்றது முதல் தாள். இரண்டாம் தாளில் நான் கையெழுத்துப் போட ஒரு கோடு. கோட்டுக்கு மேலே ஒரு வரி: மேற்படி அளவுகள் தவறானவை என்பதில் வாரிசுக்கு ஆட்சேபம் இல்லை.

சித்தி காளியம்மை பக்கத்தில் நின்றாள். அவளுக்கு மலையாளம் பேச வரும். படிக்க வராது.

“என்னடீ எழுதியிருக்கான்?”

“அம்மா பொய்க்கணக்கு எழுதினாளாம். செத்துப்போனதால மன்னிச்சு விட்டுட்டாங்களாம்.”

“மன்னிக்கிறதுக்கு இவன் யாரு? அவ இவங்கிட்ட போய் மன்னிப்புக் கேட்டாளா?” சித்தி தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். “இதுல எங்கயாவது ஒப்பு போடச் சொல்லியிருக்கானா?”

“இங்க.”

“போட்டே, இந்த வீட்டுல உனக்குச் சோறு கிடையாது.”

நான் போடவில்லை. சோற்றுக்காக அல்ல.

அம்மா எறணாகுளத்தை அடுத்த இந்த மட்டாஞ்சேரியில் பிறந்தவள். அவளுடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நகரசபைத் துப்புரவு வேலைக்கு வந்தவர். சித்தியும் அதே வேலைக்குப் போனாள், இன்னும் போகிறாள். அம்மா போகவில்லை. பதினெட்டு வயதில் ரோலர் ஓட்டும் ரங்கசாமியைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனாள்.

அப்போது நீலிக்கயத்தில் அணை எழும்பிக்கொண்டிருந்தது. கான்கிரீட் அணை அல்ல. மண்ணும் பாறையும் கொட்டி உயர்த்திய அணை, மின்சாரத்துக்காக. நடுவில் களிமண் சுவர், அதன் இரு பக்கமும் மணல், அதற்கு வெளியே பாறை. களிமண்ணை ஒரு சாண் கனத்துக்குப் பரப்பி ரோலரால் நசுக்குவார்கள். அது இறுகிய பிறகு அடுத்த அடுக்கு. அப்பா நசுக்கினார். ரோலர் எட்டாத ஓரங்களை அம்மா கட்டையால் இடித்தாள். பதினோரு வருடம் இப்படிப் போனது. வேலை முடிய எட்டு மாதம் இருந்தபோது சரிவில் ரோலர் புரண்டு அப்பா இறந்தார். எனக்கு மூன்று வயது.

அம்மாவுக்கு வாரிசு வேலை கொடுத்தார்கள். பதவி வாட்சர். என்னைச் சித்தியிடம் விட்டுவிட்டு மலைக்குத் திரும்பிப் போனாள். புருஷனைக் கொன்ற இடத்துக்கே போகிறாயே என்று சந்தில் எல்லோரும் கேட்டார்களாம். “அது அவர் இடிச்ச மண்ணு. நான் பார்க்காம யாரு பார்ப்பா?” என்றாளாம்.

மண் அணை கசியும். கசியாத மண் அணை கிடையாது. எவ்வளவு கசிகிறது, தெளிவாகக் கசிகிறதா கலங்கலாகவா என்பதுதான் கேள்வி. கசிவு திடீரென்று கூடினால், அல்லது கலங்கினால், நீர் உள்ளேயிருந்து மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அப்படி விட்டால் அணை நிற்காது.

அதைப் பார்க்க அணையின் அடிவாரத்தில் ஒரு சிறு சிமென்ட் கால்வாய் உண்டு. கசியும் நீரெல்லாம் அதில் வந்து சேரும். கால்வாயின் முடிவில் குறுக்கே ஒரு எஃகுத் தகடு. தகட்டின் நடுவில் ஆங்கில ‘வி’ எழுத்து வடிவத்தில் ஒரு வெட்டு. நீர் அந்த வெட்டு வழியாகத்தான் வெளியே விழ வேண்டும். வெட்டின் கூர்முனைக்கு மேல் நீர் எத்தனை சென்டிமீட்டர் நிற்கிறது என்று பார்த்தால், நொடிக்கு எத்தனை லிட்டர் கசிகிறது என்பதை அட்டவணை சொல்லிவிடும்.

அளவு எடுக்க முதலில் வேறொருவர் இருந்தார். மழையில் அவர் இருநூற்றுப் பன்னிரண்டு படி இறங்க மாட்டார். மேலேயே உட்கார்ந்து நேற்றைய எண்ணை இன்றைக்கும் எழுதுவார். அம்மா அதைப் பார்த்துவிட்டுத் தானே இறங்க ஆரம்பித்தாள். ஒருநாள் அப்போதைய பொறியாளர் கூடவே இறங்கி அவள் எடுத்த எண்ணை ஒத்துப்பார்த்தார். அன்றிலிருந்து பதிவேடு அவள் கையில். பதவி மட்டும் கடைசிவரை வாட்சர்.

இரண்டாம் சனிக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவாள். ஏழு மணி நேரம் பஸ். மற்ற நாட்களில் கடிதம். என் பள்ளியில் தமிழ் இல்லை. அவளுக்குப் பதில் எழுதத்தான் தமிழ் எழுத்துப் பழகினேன். அவள் கடிதம் இப்படி இருக்கும்: “மழை. கசிவு நாலு லிட்டர். தெளிவு. சித்தியை எதிர்த்துப் பேசாதே. பல் தேய்க்கிறாயா.”

வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்க மாட்டாள். எங்கள் சந்தில் கடல் ஏறும்போது காயல் நீர் ஓடை வழியாக வீட்டுக்குள் வரும். அதற்காக ஒருமுறை புது ஓடை கட்டினார்கள். சிமென்ட் காய்ந்த மறுநாள் அம்மா ஒரு வாளித் தண்ணீரை அதில் கொட்டிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“எந்தா சேச்சி, வெள்ளம் ஒழிச்சுக் களிக்கிறது?” என்றான் கான்ட்ராக்டர், தண்ணீர் ஊற்றி விளையாடுகிறாயா என்று.

“உங்க ஓடை எங்க ஓடுதுன்னு பார்க்கிறேன்.”

“காயலுக்கு.”

“காயல் அங்கிட்டு. தண்ணி எங்க வீட்டுக்குல்ல வருது.”

“லெவல் மெஷின் வெச்சு நோக்கியதாக்கும்.”

“அப்ப மெஷினைக் கூட்டிட்டு வந்து தண்ணிகிட்டப் பேசச் சொல்லு.”

சந்து முழுக்கச் சிரித்தது. பதினோரு மீட்டர் ஓடையை உடைத்துக் கட்டினார்கள். அதுவரை அம்மா மலைக்குத் திரும்பவில்லை. விடுப்பு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தபோது கசிவுக் கால்வாயில் ஒரு சென்சர் பொருத்தினார்கள். நீர்மட்டத்தை அதுவே அளந்து மேலே அலுவலகத் திரைக்கு அனுப்பும். இனி யாரும் படி இறங்க வேண்டாம். உதவிப் பொறியாளர் சுதீருக்கு அதில் பெருமை. கெட்டவர் இல்லை. முப்பத்திரண்டு வயது, முதல் அணை.

அந்த மழைக்காலத்தில் அணை ஏறக்குறைய நிரம்பியது. ஜூலை இருபத்தெட்டு அன்று திரை ஐந்து லிட்டருக்கும் கீழே காட்டியது. அம்மா படி இறங்கிப் பார்த்துவிட்டு வந்து ஆறு புள்ளி மூன்று என்று எழுதினாள். ஆறைத் தாண்டினால் சிவப்பு மையில் எழுத வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் கோட்ட அலுவலகத்துக்குத் தொலைபேச வேண்டும் என்பது விதி. இரண்டையும் செய்தாள்.

சுதீர் மேசைக்கு வந்தார். அவர் மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார்.

“சேச்சி, மெஷின் அஞ்சுக்குத் தாழே காட்டுது. சேச்சி ஆறுக்கு மேலே எழுதுது. ஆரு சரி?”

“நான்.”

“மெஷினுக்குக் கண்ணு மங்காது, சேச்சி.”

“மெஷினுக்குக் கண்ணே இல்லையே, சார்.”

“அப்போ ஏன் இந்த வித்யாசம்?”

“தண்ணி கீழ சாடுறதுக்கு முன்னால குனியும் சார். குனியுற எடத்துல உங்க மெஷினை மாட்டியிருக்கீங்க. நான் குனியாத எடத்துல பார்க்கிறேன்.”

அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். “வெள்ளம் குனியுமோ? சேச்சியைக் கண்டா குனியுமாயிருக்கும்” என்று ஒருவர் சொன்னார். அம்மா இதை எனக்கு அப்படியே தொலைபேசியில் சொன்னாள். அவளும் சிரித்தாள்.

நாற்பத்து மூன்று நாள் சிவப்பு மையில் எழுதினாள். நாற்பத்து மூன்று நாள் கோட்ட அலுவலகத்தைக் கூப்பிட்டாள். அவர்கள் திரையைப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். செப்டம்பர் எட்டுக்குப் பிறகு அணை மட்டம் இறங்கியது. கசிவும் ஆறுக்குக் கீழே வந்தது. அடுத்த வாரம் அவளுக்கு மெமோ வந்தது. அளவுகள் தவறு என்று எழுதிக் கையெழுத்திட்டால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். இல்லையென்றால் விசாரணை.

அம்மா என்னிடம் கேட்டாள். நான் கருவிப் பொறியியல் படித்தவள். காக்கநாட்டில் ஒரு நிறுவனத்தில் மட்டமானிகளைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. அதனால் கேட்டாள்.

“அந்த சென்சர் தப்பாக் காட்டுமாடீ?”

மாடல் எண்ணைக் கேட்டு வாங்கித் தயாரிப்பாளரின் விவரத்தாளைப் பார்த்தேன். “ஒரு மில்லிமீட்டருக்கு மேல தப்பாது, அம்மா. உனக்கு வயசாகுது. மழையில கண்ணு தெரியாம இருந்திருக்கும். ஒப்பு போட்டுட்டு நிம்மதியா வீட்டுக்கு வா.”

“ஒண்ணரை சென்டிமீட்டர் தெரியாத கண்ணா?”

“அம்மா, அது நல்ல கம்பெனி சென்சர்.”

“நல்லதுதான். அது எங்க மாட்டியிருக்குன்னு நீ கேக்கவே இல்லையே” என்றாள். பிறகு மழையைப் பற்றிப் பேசினாள்.

நான் கருவியைப் பற்றிப் பேசினேன். அவள் கருவி நிற்கும் இடத்தைப் பற்றிப் பேசினாள். வெட்டுக்கு அருகே நீரின் மேற்பரப்பு சரிந்து இறங்கும். அதனால் நீர் நிற்கும் உயரத்தைப் போல் நான்கு மடங்காவது பின்னால் தள்ளி அளக்க வேண்டும். இது இரண்டாம் ஆண்டுப் பாடம். தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அம்மா அதைப் படிக்கவில்லை. இருபத்தேழு வருடம் குனிந்து பார்த்திருக்கிறாள். நான் அவளை நம்பவில்லை. இதை மென்மையாக எழுத வழி இல்லை.

அவள் கையெழுத்துப் போடவில்லை. விசாரணை நிலுவையோடு மார்ச்சில் ஓய்வுபெற்று வந்தாள். ஐந்து மாதம் எங்களோடு இருந்தாள். அந்த ஐந்து மாதத்தில் விசாரணை அதிகாரிக்கு மூன்று கடிதம் எழுதினாள். மூன்றிலும் ஒரே செய்தி: நீங்கள் நேரில் வந்து அளந்து பாருங்கள். நான்காவதைத் தபாலில் போடப் போன ஒரு வியாழக்கிழமை காலை, சுள்ளிக்கல் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தபடி இறந்தாள். மாரடைப்பு. அந்தக் கடிதத்தை மறுநாள் நான் போட்டேன். அதற்கு வந்த பதில்தான் அந்தப் பதிவுத்தபால்.

கையெழுத்துக்குப் பதிலாக, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு கேள்வி அனுப்பினேன். ஒரே ஒரு கேள்வி. தகட்டிலிருந்து சென்சர் எத்தனை சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது? இருபத்தொன்பதாம் நாள் பதில் வந்தது: விவரம் பதிவில் இல்லை. அதை நகலெடுத்து விசாரணை அதிகாரிக்கு அனுப்பினேன்.

மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார். வேறொரு கோட்டத்தின் நிர்வாகப் பொறியாளர்.

“மஞ்சுஷாதானே? அனந்தநாராயணன். பாலக்காடாக்கும், தமிழ்லயே பேசலாம். இறந்துபோனவா மேல விசாரணை நடக்காது, கேட்டேளா? சட்டம் அப்படி.”

“அம்மாவை விசாரிக்க வேண்டாம் சார். சென்சரை விசாரிங்க. அது உயிரோடதானே இருக்கு?”

“நல்ல வாயாக்கும் உங்களுக்கு.”

“அம்மாவோடது.”

“அந்தத் தூரம் ஒரு பேப்பர்லயும் இல்லையா?”

“இல்லை சார். எழுதிக் கையெழுத்துப் போட்டே கொடுத்திருக்காங்க.”

“அந்த அம்மா மூணு லெட்டர் போட்டா. நான் ஃபைலைத்தான் பார்த்தேன், எடத்தைப் பார்க்கலை.” பெருமூச்சு விட்டார். “புதன்கிழமை வாங்கோ. மழை இருக்கும், குடை போறாது.”

சித்தி இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள். ஐப்பசித் துலாமழையில் அணை மறுபடி நிரம்பியிருந்தது. மேலிருந்து பார்த்தால் அணை போலவே தெரியாது. புல் முளைத்த, பாறை பதித்த ஒரு நீளமான மலைச்சரிவு. அதன் ஒரு முனையில் படிகள் இறங்கின.

“இத்தனை படியா? தினமும் இறங்கினாளா?” என்று சித்தி கேட்டாள்.

“ரெண்டு தடவை” என்றார் சிஜு. அம்மாவுக்குப் பிறகு பதிவேடு எழுதுபவர், நாற்பது வயதுக்காரர்.

“அதான் மட்டாஞ்சேரிக்கு வந்தா மகாராணி மாதிரி படுத்தே கெடந்தா. நான் சோம்பேறின்னு திட்டியிருக்கேன்.” சித்தி பாதிப் படியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து எல்லோருக்கும் முன்னால் இறங்கினாள்.

கால்வாயில் அனந்தநாராயணன் தாமே முட்டி போட்டு நாடாவைப் பிடித்தார். தகட்டிலிருந்து சென்சருக்கு ஒன்பது சென்டிமீட்டர். ஐம்பதாவது இருந்திருக்க வேண்டும். அம்மா பார்த்த பழைய அளவுகோல் அறுபது சென்டிமீட்டர் பின்னால், கால்வாய்ச் சுவரில் இருந்தது.

“ஏன் இங்க மாட்டினேள், சுதீர்?”

சுதீர் தகட்டைப் பார்த்தார். “அவிடே ஒரு போல்ட் முன்னமே இருந்தது சார். எளுப்பமா இருந்தது.”

போல்ட் இருந்த இடத்தில் மாட்டியிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

ஆனால் எந்த எண் சரி என்று தூரத்தை வைத்து மட்டும் தீர்ப்பது எனக்குப் போதாது. பழைய அளவுகோல் பதினொன்று புள்ளி ஒன்று சென்டிமீட்டர் காட்டியது. அட்டவணைப்படி ஐந்து புள்ளி ஏழு லிட்டர். திரையில் நான்கு புள்ளி ஒன்று. நூற்றைம்பது லிட்டரில் கோடு போட்ட ஒரு டிரம்மை வெட்டுக்குக் கீழே வைக்கச் சொல்லியிருந்தேன். கோடு வரை நிரம்ப முப்பத்தேழு நொடி ஆனால் சென்சர் சரி. இருபத்தாறு ஆனால் அம்மா சரி. ஸ்டாப்வாட்சை சுதீரிடம் நீட்டினேன்.

“நீங்களே பிடிங்க சார். எங்க கண்ணு மேல யாருக்கும் நம்பிக்கை இல்லை.”

வாங்கிக்கொண்டார். சிஜு வெட்டுக்குக் கீழே பிடித்திருந்த தகரத்தைத் திருப்பி நீரை டிரம்முக்குள் விட்டார்.

இருபத்தாறு. காலி செய்து மறுபடி. இருபத்தேழு. இருபத்தாறு. இருபத்தாறு. ஐந்தாவது தடவைக்கு சுதீர், “வேண்டாம் சார், மனசிலாயி” என்றார். நான் வேண்டும் என்றேன். இருபத்தேழு.

“என்னவாம்?” என்று சித்தி என்னைக் கேட்டாள்.

“அம்மா சரி.”

“இதுக்கு டிரம் வேற வேணுமா?” என்று சித்தி சுதீரைப் பார்த்துக் கேட்டாள்.

அனந்தநாராயணன் ஈரக் கால்சட்டையோடு அங்கேயே நின்று மூன்று உத்தரவு சொன்னார். சென்சரை இன்றே பின்னால் மாற்ற வேண்டும். அடிவாரத்தில் நீர் ஊறும் இடத்தில், மண் அரித்துப் போகாதபடி, மணலும் அதன் மேல் பாறையும் பரப்ப வேண்டும். அது முடியும்வரை அணை மட்டத்தைக் குறைத்து வைக்க வேண்டும். “இந்த மழைக்காலம் ஆறைத் தாண்டின நாள் எத்தனைன்னு ஆருக்காவது தெரியுமா?” என்று கேட்டார். திரையில் வந்த எண்ணைத்தான் சிஜு எழுதியிருந்தார். இந்த வருடம் கோட்ட அலுவலகத்தை யாரும் கூப்பிடவில்லை.

மேலே அலுவலகத்தில் முதல்முறையாக அந்தப் பதிவேட்டைப் பார்த்தேன். போன வருடம், ஜூலை இருபத்தெட்டிலிருந்து. அம்மாவின் எண்கள் ஒவ்வொன்றையும் ஸ்கேல் வைத்து நேராகக் கோடிழுத்து வெட்டியிருந்தார்கள். வெட்டியதன் மேல் திரையின் எண். பக்கத்தில் சுதீரின் சுருக்கொப்பம். நாற்பத்து மூன்று வரி.

அனந்தநாராயணன் அறிக்கையை எழுதிவிட்டு வாசித்துக் காட்டினார். “வித்தியாசம் கருவியின் அமைவிடத்தால் ஏற்பட்டிருக்கலாம்.”

“இருக்கலாம் வேண்டாம் சார்.”

“அரசாங்க பாஷை அப்படித்தானாக்கும்.”

“அம்மா பொய் எழுதினான்னு எழுதினப்போ, எழுதியிருக்கலாம்னு எழுதலையே.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த வரியை அடித்துவிட்டு, வாட்சர் முப்பிடாதியின் அளவுகள் சரியானவை, கருவியின் அளவுகள் செல்லாதவை என்று எழுதினார். “போதுமா? பதிவேட்டுல பக்கத்துக்கு அடியில ஒரு குறிப்பு போட்டுடறேன்.”

“வெட்டினப்போ ஒவ்வொண்ணாத்தானே சார் வெட்டினாங்க?”

பதிவேட்டில் எந்தத் திருத்தமானாலும் திருத்தியவரே தனித்தனியாக ஒப்பமிட வேண்டும் என்பது அவர்கள் விதிதான். அவர் சுதீரைப் பார்த்தார். சுதீர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆறுக்கு மேல் சிவப்பு மை. அலுவலகத்தில் சிவப்புப் பேனா இல்லை, ஒரு வருடமாக யாருக்கும் தேவைப்பட்டிருக்கவில்லை. சித்தி மழையில் கீழே கடைக்குப் போய் இரண்டு வாங்கி வந்தாள். ஒன்று எழுதாவிட்டால் இன்னொன்று என்றாள்.

நான் அம்மாவின் எண்ணை வாசிப்பேன். சுதீர் தம் எண்ணை வெட்டிவிட்டு அதை எழுதி ஒப்பமிடுவார். தேதி போடுவார். அடுத்த வரி. முதல் சில வரிகளில் கை வேகமாக இருந்தது. பிறகு நிதானமாயிற்று. வெட்டிய கோட்டுக்கு அடியில் மங்கித் தெரிந்த எண்ணைத் தாமே குனிந்து படித்துச் சரிபார்த்துக்கொண்டார்.

இருபத்திரண்டாவது வரி முடிந்தபோது சிஜு கதவருகே வந்து, எறணாகுளம் பஸ் வந்துவிட்டது, அதை விட்டால் நாளைக் காலைதான் என்றார்.

“பாக்கி நான் எழுதி வெக்கலாம்” என்றார் சுதீர். “சத்தியமா எழுதுவேன்.”

“பஸ் போகட்டும் சார்” என்றேன். “ஆகஸ்ட் பத்தொன்பது. ஆறு புள்ளி ஒன்பது.”